யாருடைய வண்டி என்று கேட்காதவர்

செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். அவர் செத்துப்போனாரா, கடல் தாண்டி எங்காவது உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் பேசலாம். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். பயம் ஒன்றும் இல்லை, என் வாயால் சொல்ல இஷ்டமில்லை. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது பாக்டரியில், அவர் பிட்டர். கொழுந்து அரைக்கிற ரோலரிலிருந்து துரை பங்களாத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பிட்டரண்ணன்.

ஆள் நல்லவர். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப் போகும். குடிக்க மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்தவர் இல்லை. பொம்பளைகள் எதிரே வந்தால் பாதையை விட்டு ஒதுங்கித் தேயிலைச் செடியோடு செடியாக நின்றுகொள்வார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம். ஒரு மெசின் பழுதாகி நின்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. அது யாருடையது, எதற்காக ஓடுகிறது, ஓடினால் யார் குடி கெடும் என்று ஒன்றும் கேட்க மாட்டார். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். அதன் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "மூணாவது பல்லு தேஞ்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

என் கல்யாணப் பந்தியில் நடந்ததைச் சொல்கிறேன். டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த பாட்டுப்பெட்டி கரகரத்து நின்றுவிட்டது. இலையில் பாயசம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து, சாம்பார் கையோடு போய்ப் பெட்டியைக் கழற்றிவிட்டார். பாட்டு வந்தது, பாயசம் வழிந்து கீழே போனது. சமையல்காரர், "இந்தாளுக்கு எல போட்டதுக்கு அந்தப் பொட்டிக்கு எல போட்டிருக்கலாம்" என்று திட்டினார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் கொழுந்து முற்றல் என்று சொல்லிக் கண்டாக்கையா என் கூடையைப் பாதையில் கொட்டி, பூட்ஸ் காலால் எத்திவிட்டார். மலையில் எங்களை மேய்க்க வந்த அதிகாரி அல்லவா, எத்தலாம். அன்று சாயந்தரமே நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே அவருடைய மோட்டார் சைக்கிள் இருமி இருமி நின்றது. மழை வேறு. ஆள் உதைத்து உதைத்து வியர்த்துப்போனதை லயமே வெளியில் வந்து நின்று ரசித்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டோரிலிருந்து வந்தார் எங்கள் புண்ணியவான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், பத்து நிமிஷத்தில் வண்டி பறந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கிப் போனேன்.

"என்னாங்கண்ணே இது? காலையில என் கூடைய ஒதச்ச காலு அது. அந்த ஆளுக்குப் போயி வண்டி பாத்துக் குடுக்குறீங்க."

"கார்பரேட்டர்ல தண்ணி நின்னுச்சு தங்கச்சி."

"நான் அதக் கேக்கலீங்க."

"வண்டி என்னா பண்ணுச்சு, பாவம்" என்றார். நிஜமாகவே பாவம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

யுத்த காலத்தில் அவர் வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பட்டறையில் வேலை செய்தவர். இரும்புக் கவசம் போட்ட சக்கர வண்டிகளுக்குப் பழுது பார்த்தவர். கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும்போது அந்தக் கதையைத்தான் எங்களுக்குச் சொல்வார். ஸ்டோர்ச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு வண்டிகளை வரைவார். நாலுக்கும் பட்டாளத்தில் மிருகப் பெயர். இங்கிலீசில் இருந்ததை அவரே தமிழாக்கிக் கொண்டார். சின்னது கீரி, இரண்டு பேர் ஏறி வேவு பார்க்கப் போவது. தலையில் பீரங்கி வைத்தது மரநாய். எட்டுப் பத்துப் பட்டாளத்துக்காரர்களை வயிற்றுக்குள் அடைத்துக்கொண்டு போவது பன்றி. சாமானும் காயப்பட்டவர்களும் ஏற்றுவது கழுதை.

"நாலும் ஒரு வவுத்துப் புள்ளைங்க" என்பார். "அச்சு ஒன்னு, சக்கரம் ஒன்னு, கியர்ப் பொட்டி ஒன்னு. முன்னுக்குப் போற வேகத்துல பின்னுக்கும் போகும். பெட்ரோல் வடிகட்டி நாலுக்கும் ஒரே எடத்துல, டிரைவர் சீட்டுக்குப் பின்னால, தகட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். புதுசா வர்றவன் தேடித் தேடிச் செத்துருவான். எனக்குக் கண்ணக் கட்டி விட்டாலும் எடுத்துருவேன்."

"அதுக யாரச் சுடும்ணே?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர் சுண்ணாம்புக் கட்டியோடு திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அது உள்ள ஒக்காந்திருக்கவன் வேல" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை வரையத் தொடங்கினார்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு எங்களை நாடில்லாதவர்களாக ஆக்கினார்களே, அந்தக் கொடுமையிலும் இந்த மனுஷனுடைய கதை ஒன்று உண்டு. எங்கள் தாத்தா பாட்டியெல்லாம் உரமாகிப்போன மண்ணில் நின்றுகொண்டு, நீ இங்கேதான் பிறந்தாய் என்பதற்கு அத்தாட்சி காட்டு, உன் அப்பன் பிறந்ததற்கும் காட்டு என்று கேட்டார்கள். பிட்டரண்ணனுக்கும் விசாரணைக்கு ஓலை வந்தது. பட்டாளத்துக் கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம். என் அக்கா வீட்டுக்காரர்தான் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். அவர் ஆவலோடு எழுந்து வந்தார்.

"என்னாண்ணே ஆச்சு?"

"அங்க ஒரு டைப் மெசினு. நல்ல மெசினு. கிளாக்கர் அடிக்கிறாரு, நகர மாட்டேங்குது. பட்டி கழண்டிருந்துச்சு. கொண்டை ஊசி ஒன்னு வாங்கி மாட்டிவிட்டேன். இப்ப பஞ்சு மாதிரி ஓடுது."

"மனு என்னாச்சு?"

"அதுவா? அத்தாட்சி பத்தாதுன்னு அடிச்சுக் குடுத்துட்டாங்க."

தன்னை இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அடிக்கப் போகிற மெசினைத் தானே சரி செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! அக்கா வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க கழுத்த அறுக்க வந்தவன் கத்தி மொட்டயா இருந்தா, நீங்களே சாண புடிச்சுக் குடுப்பீங்கண்ணே" என்றார். பிட்டரண்ணன் சிரித்தார். தன் கழுத்துக்கு மட்டும் சாணை பிடிக்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். அக்கா வீட்டுக்காரருக்குத் துரை பத்துச்சீட்டுக் கொடுத்தான். வேலை போய்விட்டது, இனிப் பெட்டி படுக்கையோடு வெளியே போ என்று அர்த்தம். மழைக்கு ஒழுகுகிற ஒற்றை அறைக் காம்பராக்களைப் பற்றி நாலு பேர் முன்னால் துரையிடம் கேட்டதுதான் அவர் செய்த குற்றம். காம்பராவைக் காலி செய்ய மாட்டேன் என்று அவர் இருந்தார். நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். துரை கோர்ட்டுக்குப் போய், அக்கா குடும்பத்தை வெளியேற்ற உத்தரவு வாங்கிவிட்டான். அதைத் தடுக்கத் தடை உத்தரவு வாங்கச் சங்கத்து வக்கீலோடு அக்கா வீட்டுக்காரர் நுவரெலியாவுக்குப் போயிருந்தார். உத்தரவு கிடைத்துவிட்டது, இரண்டு மணி பஸ்ஸில் வருகிறேன் என்று தந்தியும் வந்துவிட்டது. இரண்டு மணி வரைக்கும் அக்காவும் அவளுடைய ஏழு மாதக் குழந்தையும் அந்தக் காம்பராவுக்குள் இருந்தால் போதும். நாங்கள் இருநூறு பேரும் லயத்துக்கு ஏறுகிற பாதையில் உட்கார்ந்துவிட்டோம். பிட்டரண்ணனும் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார். அவர் கருங்காலி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணி வாக்கில் கீழே இரைச்சல் கேட்டது. அந்த வருஷங்களில் கொழுந்து பறிக்கிறவள் தும்மினாலும் பட்டாளத்தை அனுப்புவார்கள். முன்னால் கீரி, நடுவில் பன்றி, பின்னால் உத்தரவைக் கையில் வைத்திருந்த கோர்ட்டு உத்தியோகத்தருடைய கார். சுவரில் பார்த்த படங்கள் உயிரோடு ஏறி வந்தன. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிழட்டு வண்டிகள், பெயின்ட் மட்டும் புதுசு. கீரி, பாதை வளைகிற முடக்கைத் தாண்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. பன்றிக்கு அந்த முடக்கு ஒத்துவரவில்லை. ஏறப் பார்த்தது, விக்கியது, இஞ்சின் செத்துப்போனது. பிறகு மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது.

இப்போது நாங்கள் செய்ததைக் கேளுங்கள். மலைப்பாதையில் லொறி நின்று உருண்டால் பக்கத்தில் இருக்கிறவர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை, நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற காரியம். "கல்லப் போடு, கல்லப் போடு!" என்று கத்திக்கொண்டு நாலைந்து பேர் பாய்ந்தோம். எங்களை விரட்ட வந்த வண்டிக்கு நாங்களே கல் வைத்து நிறுத்தினோம். முதல் கல் வைத்தது நான். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

ஆனாலும் சந்தோஷம்தான். பன்றி முடக்கின் குறுக்கே அசையாமல் கிடந்தது. பின்னால் இருந்த கார் மேலே வர வழியில்லை. கோர்ட்டு உத்தியோகத்தர் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "வண்டி இல்லாம இந்தக் கூட்டத்துக்குள்ள நான் நடந்து வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பட்டாளத்து ஆபீஸருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. டவுனிலிருந்து வேறு வண்டி வர நாலு மணியாகும் என்று பேசிக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. நாலு மணி! எங்களுக்கு இரண்டு மணி போதும். பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

நான் பிட்டரண்ணனைப் பார்த்தேன். மனுஷன் முள் மேல் உட்கார்ந்திருப்பதைப்போல நெளிந்துகொண்டிருந்தார். பட்டாளத்து டிரைவர் எதை எதையோ திறந்து மூடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் இவர் உடம்பு குலுங்கியது. அக்காவும் கவனித்துவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்கங்க. ரெண்டு மணிக்கு மேல போயிப் பாருங்க. நானே கூட வந்து சாமான் எடுத்துத் தர்றேன். எம் புள்ளைக்காகப் பொறுங்கண்ணே."

"சரிம்மா" என்றார். கையிரண்டையும் முழங்காலுக்குள் செருகிக்கொண்டார். அரை மணி நேரம் அப்படி இருந்தார். அதற்குள் அந்த டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. சுத்தியலை எடுத்து இஞ்சினில் எங்கேயோ ஓங்கி அடித்தான். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடிக்கு இவர் எழுந்துவிட்டார்.

"கஹன்ட எபா! அடிக்காதடா!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டே ஓடினார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அண்ணே, அக்காட்ட சரின்னு சொன்னீங்களே!"

"அடிக்கிறான் தங்கச்சி, அடிக்கிறான் பாரு" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அக்காவுக்கு வராத கண்ணீர் அந்த இரும்புக்கு வந்தது. சட்டை என் கையில் கிழிந்தது, அவர் போய்விட்டார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகட்டைத் தூக்கினார். வடிகட்டியைக் கழற்றினார். குழாயில் வாய் வைத்து உறிஞ்சி, பெட்ரோலையும் சேற்றையும் காறித் துப்பினார். எங்கள் ஆட்கள் கத்தினார்கள், மண்ணாங்கட்டி எறிந்தார்கள், ஒன்று அவர் முதுகில் பட்டது. அவர் திரும்பவே இல்லை. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பன்றி உறுமியது. காதில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சந்தோஷப்படுவோம் என்று நினைத்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

பன்றி வந்தது, நாங்கள் சிதறினோம். வேறென்ன செய்ய முடியும்? ஒரு மணிக்கெல்லாம் அக்காவின் சட்டி பானை, அரிசி, தொட்டில் சேலை, சாமி படம் எல்லாம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கிடந்தன. அக்கா கையால் சுற்றித் தைக்கிற தையல் மெசின் ஒன்று வைத்திருந்தாள். லயத்துப் பிள்ளைகளின் சட்டையெல்லாம் அதில் தைத்ததுதான். ஒருவன் அதைத் தூக்கிப் படியில் போட்டான். காம்பராக் கதவில் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். இரண்டேகாலுக்கு அக்கா வீட்டுக்காரர் தடை உத்தரவை உயரப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கோர்ட்டு உத்தியோகத்தர் அதை வாங்கி வாசித்துவிட்டு, "வெளியேத்தாதேன்னுதானே போட்டிருக்கு. வெளியேத்தியாச்சே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று வாரம் மாட்டுப்பட்டியில் இருந்தார்கள். எந்தத் தோட்டத்திலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உடைந்த தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அக்கா என்னிடம் கொடுத்தாள். "பிட்டரண்ணங்கிட்ட குடுத்துச் சரி பண்ணிக்கடி" என்றாள். அவளுக்கு அவர் மேல் கோபமே இல்லை. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

லயமே அவரை ஒதுக்கி வைத்தது. நெருப்புக் கொடுக்கவில்லை, கல்யாணம் கருமாதிக்குக் கூப்பிடவில்லை. வேடிக்கை என்னவென்றால் கல் வைத்த எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருடைய தப்பையும் ஒருவர் தலையில் கட்டுவது எவ்வளவு லேசு! ஆனால் லயத்துக் கோபம் மூன்று மாதம்தான். ஒருவருக்கு அடுப்பு எரியவில்லை, ஒருவருக்கு மணிக்கூடு ஓடவில்லை. ஒவ்வொன்றாக அவரிடம் போனது. என் கோபம் மட்டும் போகவில்லை. அக்காவின் மெசினை என் காம்பரா வாசல் இஸ்தோப்பில், அவர் ஸ்டோருக்குப் போகிற பாதைக்கு நேரே, மூடாமல் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். தினம் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நாங்கள் புறப்படுகிற நேரம் அவர் வருவார், நடை தளரும், பார்ப்பார், போவார். என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை கேட்டு அனுப்பினார். மெசின் பக்கம் கை நீண்டால் கையில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இறங்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏழு வருஷம் அப்படிப் போனது. இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, அவருக்கும் இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்தது. புறப்படுகிற அன்று காலையில் என் இஸ்தோப்புக்கு வந்தார். எனக்குக் காய்ச்சல், மலைக்குப் போகவில்லை. அவர் கையில் சாமான்களைச் சுருட்டிய சாக்கு இருந்தது.

"மத்தியானம் பஸ்ஸுக்குப் போறேன் தங்கச்சி."

"நல்லபடியாப் போங்க."

"அந்த மெசினு... ஊசித் தண்டு வளஞ்சிருக்கு. கால் மணி நேர வேல. போறதுக்கு முன்னால அத ஒருக்கா..."

ஆள் கிழடு தட்டிப்போயிருந்தார். எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஏழு வருஷம் ஒருவரை வெறுப்பது என்ன லேசான வேலையா?

"பிட்டரண்ணே" என்றேன். "எங்கக்கா எங்க இருக்கா, எப்புடி இருக்கான்னு ஒரு வார்த்த கேளுங்க. மன்னிப்பெல்லாம் வேணாம். அந்த ஒரு வார்த்த கேட்டா, மெசினத் தூக்கி உங்க மடியில வைக்கிறேன்."

மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி, அக்காவைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது. அவர் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றிருப்போம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன். அவர் கண் மெசின் பக்கம் போனது.

"எண்ண விடாம வச்சிருக்கியே தங்கச்சி" என்றார். "துருப் புடிச்சிருமே."

நான் மெசினைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் வெளியே ரொம்ப நேரம் நின்றார். நான் திறக்கவில்லை. இன்றைக்கு வந்து நின்றாலும் திறக்க மாட்டேன்.